சொல்லாமல் மூடிக்கொள்ளும் டெஸ்க்டாப் செயலி: காரணத்தைப் பிடிக்க லாக் எழுதும் முழு வழிகாட்டி

"பில் போட்டுக்கிட்டு இருந்தேன், திடீர்னு மூடிக்கிச்சு சார்." டெஸ்க்டாப் செயலி எழுதி நாலு பேருக்குக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு போன் வந்தே தீரும். எரர் பெட்டி எதுவும் வந்ததா என்று கேட்டால் இல்லை. மறுபடி திறந்தால் நன்றாக ஓடுகிறது. உங்கள் கணினியில் எத்தனை முறை முயன்றாலும் அந்தக் கோளாறு தலைகாட்டுவதே இல்லை.

வெப்சைட் என்றால் சர்வர் நம் கையில் இருக்கும். நடந்ததை அங்கே போய்ப் பார்க்கலாம். டெஸ்க்டாப் செயலி ஓடுவது வேறொருவர் கணினியில், நாம் பார்த்திராத பிரிண்டர் டிரைவரோடும் ஆன்டிவைரஸோடும். மூடிக்கொள்வதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று செயலியே எழுதி வைத்தால்தான் உண்டு. இந்தக் குறிப்புதான் லாக். சும்மா நாலு இடத்தில் லாக் வரி சேர்த்தால் இது நடக்காது. கிராஷ் என்று பயனர் சொல்வது ஒரே ஒரு விஷயம் அல்ல. ஒவ்வொரு வகையும் விட்டுச் செல்லும் தடயம் வேறு. நெத்திலிக்கு ஒரு வலை, வஞ்சிரத்துக்கு ஒரு வலை என்பதுபோல வகைக்கு ஒன்றாகக் கட்ட வேண்டும்.

உதாரணமாக விண்டோஸில் ஓடும், பைத்தானில் பைக்யூட்டி (திரை, பொத்தான்களை வரையும் க்யூட்டி லைப்ரரியைப் பைத்தானில் பயன்படுத்தும் வழி) கொண்டு எழுதி, பைஇன்ஸ்டாலரால் (நிரலை இஎக்ஸ்இ கோப்பாக்கும் கருவி) கட்டிய ஒரு கடை பில்லிங் செயலியை எடுத்துக்கொள்கிறேன். டாட்நெட், ஜாவாக்காரர்களுக்கு நிகரான வழிகளைப் பின்னால் சொல்கிறேன்.

எப்படி எப்படி மூடிக்கொள்ளும்?

முதல் வகை, யாரும் பிடிக்காத பைத்தான் எக்ஸெப்ஷன், அதாவது நிரல் ஓடும்போது எழும் பிழை. இல்லாத கீயைத் தேடியது, காலி மதிப்பின் மேல் ஒரு மெத்தடை அழைத்தது போன்றவை. இதுதான் அதிகம் வருவது, பிடிக்கவும் சுலபம்.

இரண்டாவது, பைத்தானுக்குக் கீழே சி, சி++ நிரலில் நடக்கும் கிராஷ். க்யூட்டிக்குள்ளோ, பிரிண்டர் டிரைவருக்குள்ளோ, டேட்டாபேஸ் லைப்ரரிக்குள்ளோ தவறான நினைவக முகவரியைத் தொட்டால் விண்டோஸ் செயலியை அந்த நொடியே நிறுத்திவிடும். பிழை பிடிக்க நீங்கள் எழுதிய டிரை, எக்ஸெப்ட் எதுவும் அங்கே ஓடாது.

மூன்றாவது, வெளியிலிருந்து கொல்லப்படுவது. டாஸ்க் மேனேஜரில் எண்ட் டாஸ்க் அழுத்தியிருப்பார்கள், ஆன்டிவைரஸ் நிறுத்தியிருக்கும், கரண்ட் போயிருக்கும். லினக்ஸில் நினைவகம் தீர்ந்தால் கெர்னலே கொன்றுவிடும். இதைச் செயலிக்குள்ளிருந்து பிடிக்கவே முடியாது.

நான்காவது உண்மையில் கிராஷே அல்ல. திரை உறைந்து 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்ததும் பயனர் மூடியிருப்பார். போனில் இதையும் "மூடிக்கிச்சு" என்றே சொல்வார்.

படி 1: கோப்புக்குச் சரியான இடம்

செயலி இருக்கும் ஃபோல்டரிலேயே லாக் எழுதாதீர்கள். புரோகிராம் ஃபைல்ஸில் நிறுவியிருந்தால் சாதாரண பயனருக்கு அங்கே எழுதும் உரிமை கிடையாது. லாக் திறக்க முயன்ற வரியிலேயே செயலி விழும். விண்டோஸில் பயனரின் லோக்கல் ஆப்டேட்டாவுக்குள் செயலி பெயரில் ஒரு ஃபோல்டர் போடுங்கள். மேக்கில் பயனரின் லைப்ரரி ஃபோல்டருக்குள் லாக்ஸ். லினக்ஸில் ஹோமுக்குள் புள்ளியில் தொடங்கும் லோக்கல் ஃபோல்டரின் உள்ளே ஸ்டேட்.

இன்னொன்று: லாக் அமைக்கும் வரிகள் நிரலின் தலையிலேயே, க்யூட்டியை இம்போர்ட் செய்வதற்கும் முன்னால் வர வேண்டும். சில கணினிகளில் டிஎல்எல் (செயலிக்குத் தேவையான லைப்ரரி கோப்பு) கிடைக்காமல் இம்போர்ட்டிலேயே செயலி விழும். அந்த நேரத்தில் லாக் தயாராக இல்லையென்றால் அந்தத் தோல்வி எங்கும் பதிவாகாது.

படி 2: அடிப்படை லாக்கர்

பைத்தானோடு வரும் லாகிங் மாட்யூலே போதும். 2003-இல் 2.3 பதிப்போடு வந்தது. இருபது வருடத்துக்கு மேல் அடிபட்டுத் தேறியது. ஒவ்வொரு வரிக்கும் டிபக், இன்ஃபோ, வார்னிங், எரர், கிரிட்டிக்கல் என்று ஏறும் ஓர் அளவு உண்டு. தலைமை லாக்கரான ரூட் லாக்கர் இயல்பாக வார்னிங் அளவிலும் அதற்கு மேலும் உள்ளதைத்தான் எழுதும். அதை இன்ஃபோவுக்கு இறக்குங்கள், இல்லையென்றால் நீங்கள் ஆசையாக எழுதிய தகவல் வரிகள் எதுவும் கோப்புக்குள் போகாது.

எழுதும் கையாக, கோப்பு நிறைந்ததும் புதிது தொடங்கும் ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லரைப் பொருத்துங்கள். ஒரு கோப்பு 2 எம்பி, பழைய பிரதிகள் 5 என்று வைத்தால் மொத்தமே 12 எம்பிக்குள் அடங்கும். மேக்ஸ்பைட்ஸ் (கோப்பின் அளவு), பேக்கப்கவுன்ட் (பிரதிகளின் எண்ணிக்கை) இரண்டையும் கொடுக்க வேண்டும். ஏதாவது ஒன்று பூச்சியமாக இருந்தாலும் சுழற்சியே நடக்காது, ஒரே கோப்பு வளர்ந்துகொண்டே போகும்.

அடுத்தது தமிழில் எழுதுபவர்களுக்கு மிக முக்கியம். ஹேண்ட்லர் உருவாக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பெரும்பாலான பைத்தான் பதிப்புகளில் விண்டோஸின் பழைய கோட்பேஜ் (எழுத்து அட்டவணை) எடுத்துக்கொள்ளப்படும்; அதில் தமிழ் எழுத்து கிடையாது. வாடிக்கையாளர் பெயர் 'முருகேசன்' என்று தமிழில் வந்ததும் அந்த லாக் வரி எழுத முடியாமல் தோற்கும். லாகிங் மாட்யூல் இந்தத் தோல்வியை எஸ்டிடிஎர்ருக்குத்தான் (பிழைச் செய்தி கன்சோலுக்குப் போகும் வழி) சொல்லும். கன்சோல் இல்லாத செயலியில் அது இருக்காது. ஆகவே வரி சத்தமில்லாமல் காணாமல் போகும். லாக்கில் ஓட்டை இருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது.

அந்த எஸ்டிடிஎர்ரைப் பற்றி இன்னும் கொஞ்சம். பைஇன்ஸ்டாலரில் விண்டோட் (கன்சோல் இல்லாத) முறையில் கட்டினாலோ, கன்சோல் இல்லாமல் பைத்தானை ஓட்டும் பைத்தான்டபிள்யூ மூலம் ஓட்டினாலோ எஸ்டிடிஅவுட் (சாதாரண வெளியீடு), எஸ்டிடிஎர்ர் இரண்டும் 'நன்' (None, காலி மதிப்பு) ஆகிவிடும். பிரின்ட் அமைதியாகக் கடந்துபோகும். ஆனால் ஏதாவது லைப்ரரி நேரடியாக அதன் ரைட் மெத்தடை அழைத்தால் அங்கேயே எக்ஸெப்ஷன் வரும். உங்கள் கணினியில் டெர்மினலில் ஓட்டும்போது வராத கிராஷ் கடையில் மட்டும் வருவதற்கு இது ஒரு நிஜமான காரணம். இரண்டும் நன் என்றால் லாக்குக்கு எழுதும் ஒரு சிறு பொருளை அந்த இடத்தில் வைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு வரியிலும் மில்லிசெகண்டோடு நேரம், அளவு, ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் செயலி) எண், த்ரெட் (செயலிக்குள் இணையாக ஓடும் வேலைத்தொடர்) பெயர், மாட்யூல் பெயர், செய்தி எல்லாம் இருக்கட்டும். த்ரெட் பெயரை விட்டுவிடுபவர்கள் உண்டு. இரண்டு த்ரெட் ஒரே பொருளைத் தொட்டு வரும் கிராஷில் அதுதான் முதல் துப்பு.

இரண்டு ப்ராசஸ் ஒரே லாக் கோப்பில் எழுதக் கூடாது. விண்டோஸில் ஒன்று திறந்து வைத்திருக்கும் கோப்பை மற்றொன்று பெயர் மாற்ற முடியாது. சுழற்சி நேரத்தில் பெர்மிஷன் எரர் வரும். பயனர் செயலியை இரண்டு முறை திறப்பார் என்றால் கோப்புப் பெயரில் ப்ராசஸ் எண்ணைச் சேருங்கள், அல்லது ஒரு முறைக்கு மேல் திறக்காதபடி தடுங்கள்.

சரி, எழுதிய வரி உண்மையிலேயே டிஸ்கில் இருக்குமா? ஃபைல் ஹேண்ட்லர் ஒவ்வொரு வரிக்கும் ஃப்ளஷ் செய்கிறது, அதாவது வரி ஆபரேடிங் சிஸ்டத்தின் கைக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு செயலி செத்தாலும் வரி பிழைக்கும். கரண்ட் போனால் பிழைக்கும் என்று உறுதி இல்லை. அதற்கு டிஸ்கிலேயே எழுதவைக்கும் எஃப்சிங்க் வேண்டும். எல்லா வரிக்கும் செய்தால் வேகம் குறையும். எரர் அளவுக்கு மட்டும் செய்தால் போதும் என்பது என் கருத்து.

படி 3: பைத்தான் எக்ஸெப்ஷனுக்கான வலை

பிடிபடாத எக்ஸெப்ஷன் வந்ததும் பைத்தான் அழைக்கும் இடமான சிஸ் மாட்யூலின் எக்ஸெப்ட்ஹுக்கில் உங்கள் ஃபங்ஷனை வையுங்கள்; வரும் எக்ஸெப்ஷனை முழு ட்ரேஸ்பேக்கோடு (எந்த வரி எதை அழைத்தது என்ற பட்டியல்) கிரிட்டிக்கல் அளவில் எழுதட்டும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இந்த ஹுக் த்ரெடிங் மாட்யூலில் உருவாக்கிய த்ரெடுகளுக்கு வேலை செய்யாது. அவற்றுக்கு த்ரெடிங் மாட்யூலுக்கென்றே ஒரு எக்ஸெப்ட்ஹுக் உண்டு. பொருள் அழியும்போது எழும் எக்ஸெப்ஷனுக்கு சிஸ் மாட்யூலில் அன்ரெய்ஸபிள்ஹுக் உண்டு. இரண்டும் 3.8 பதிப்பில் வந்தவை.

இவை எதிலும் சிக்காத ஒன்று த்ரெட் பூல் (வேலைகளைப் பகிர்ந்து செய்யும் த்ரெடுகளின் தொகுப்பு). சப்மிட் செய்த வேலைக்குள் எழும் எக்ஸெப்ஷன், முடிவை வைத்திருக்கும் ஃபியூச்சர் பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் ரிசல்ட் கேட்காத வரை வெளியே வராது. ஒவ்வொரு சப்மிட்டோடும் முடிவைப் பார்த்து எழுதும் ஒரு கால்பேக்கை (வேலை முடிந்ததும் தானாக அழைக்கப்படும் ஃபங்ஷன்) சேருங்கள்.

பைக்யூட்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது: 5.5 பதிப்பிலிருந்து, க்யூட்டி அழைக்கும் பைத்தான் நிரலில் எக்ஸெப்ஷன் எழுந்து யாரும் பிடிக்காவிட்டால் செயலியே அபார்ட் ஆகும், அதாவது அந்த இடத்திலேயே நின்றுவிடும். நீங்கள் சொந்த எக்ஸெப்ட்ஹுக் வைத்தால் அப்படி நடக்காது, செயலி தொடர்ந்து ஓடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாதி வேலையில் அறுந்துபோன நிலையிலிருந்து பில்லிங் செயலி தொடர்ந்து ஓடுவது ஆபத்து. தவறான தொகை சேமிக்கப்படுவதைவிட மூடுவது மேல். லாக் எழுதி, பயனருக்கு என்ன நடந்தது என்று சொல்லி, பிறகு நாமே முறையாக மூட வேண்டும். பயனருக்கான செய்திப் பெட்டியை முதன்மை த்ரெடில் மட்டும் காட்டுங்கள். வேறு த்ரெடிலிருந்து காட்டினால் அது இன்னொரு கிராஷுக்கு வழி.

நிரலுக்குள் எக்ஸெப்ட் போட்டு அடியில் பாஸ் என்று எழுதிய இடங்களையும் இப்போதே தேடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு ஆதாரத்தை அழிக்கிறது. அங்கே லாக்கரின் எக்ஸெப்ஷன் மெத்தடை அழைத்தால் ட்ரேஸ்பேக் தானாக வந்து சேரும்.

படி 4: கீழ்மட்டக் கிராஷுக்கான வலை

இதற்காகவே பைத்தான் 3.3-இலிருந்து ஃபால்ட்ஹேண்ட்லர் மாட்யூல் இருக்கிறது. தவறான நினைவக அணுகல், அபார்ட், பூச்சியத்தால் வகுத்தல் போன்றவற்றால் ப்ராசஸ் சாகும் தருணத்தில், எந்த த்ரெட் எந்த வரியில் இருந்தது என்று எழுதிவிட்டுத்தான் விடும்.

கோப்பு எதுவும் கொடுக்காமல் எனேபிள் செய்தால் அது எஸ்டிடிஎர்ரைத் தேடும். விண்டோட் செயலியில் அது நன் என்பதால் ரன்டைம் எரர் வரும். ஆகவே தனியாக ஒரு கிராஷ் கோப்பை அப்பெண்ட் (கடைசியில் சேர்க்கும்) முறையில் திறந்து கொடுங்கள். அந்தக் கோப்புப் பொருளை மாட்யூல் அளவிலான மாறியில் வைத்திருங்கள். கோப்பின் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டுப் பொருளை ஃபங்ஷனுக்குள் உள்ளூர் மாறியாக விட்டால் ஃபங்ஷன் முடிந்ததும் கோப்பு மூடப்படும். அதே எண் பிறகு வேறொரு கோப்புக்குப் போகலாம், கிராஷ் தகவல் அதன் நடுவில் போய் விழலாம். அது டேட்டாபேஸாக இருந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபால்ட்ஹேண்ட்லர் நேரம் எழுதாது. செயலி தொடங்கும்போதே அந்தக் கோப்பில் நேரத்தையும் ப்ராசஸ் எண்ணையும் ஒரு வரியாக எழுதி ஃப்ளஷ் செய்துவிடுங்கள். படிக்கும்போது இரண்டை நினைவில் வையுங்கள்: கடைசியாக அழைக்கப்பட்டது மேலே இருக்கும், வழக்கமான ட்ரேஸ்பேக்குக்கு நேர் தலைகீழ். மேலும் விண்டோஸில் இந்தக் கோப்பில் பதிவு இருப்பதாலேயே செயலி செத்தது என்று ஆகாது. வேறொருவர் பிடித்துச் சமாளித்துவிட்ட விண்டோஸ் எக்ஸெப்ஷனும் சில சமயம் இங்கே பதிவாகும். செயலி ஓடிக்கொண்டே இருக்கும்.

க்யூட்டி தன் எச்சரிக்கைகளையும் எஸ்டிடிஎர்ருக்குத்தான் அனுப்பும். க்யூஇன்ஸ்டால்மெசேஜ்ஹேண்ட்லர் மூலம் அவற்றையும் லாக்குக்குத் திருப்புங்கள். ஒரு பொருளின் டைமரை வேறொரு த்ரெடிலிருந்து தொட்டதாக வரும் எச்சரிக்கை பல நாள் கழித்து வரப்போகும் கிராஷுக்கான முன்னறிவிப்பாக இருக்கலாம்.

படி 5: தொடக்க வரி, முடிவு வரி

மூன்றாம் வகையைப் பிடிக்க முடியாது என்றேன். ஆனால் அது நடந்தது என்று அறிய முடியும். செயலி தொடங்கியதும் ஒரு தொடக்க வரி. முறையாக மூடும்போது ஒரு முடிவு வரி. அடுத்த முறை திறக்கும்போது முந்தைய ஓட்டத்துக்கு முடிவு வரி இல்லையென்றால், ட்ரேஸ்பேக்கும் கிராஷ் பதிவும் இல்லையென்றால், வெளியிலிருந்து வந்த சாவு என்று சந்தேகிக்கலாம்.

முடிவு வரியை, பைத்தான் முடியும்போது ஓடும் அட்எக்ஸிட்டில் வைக்காதீர்கள். பிடிபடாத எக்ஸெப்ஷனுக்குப் பிறகும் அட்எக்ஸிட் ஓடும். அப்போது கிராஷையும் "முறையாக மூடப்பட்டது" என்று லாக் சொல்லும். க்யூட்டியின் முதன்மைச் சுழலான எக்ஸெக் முடிந்த பிறகு எழுதலாம் என்றால், பயனர் விண்டோஸிலிருந்து லாக்ஆஃப் செய்யும்போது எக்ஸெக் திரும்பி வராமலே ப்ராசஸ் முடியக்கூடும். மூடப்போகும்போது க்யூட்டி எழுப்பும் அபவுட்டுக்விட் சிக்னல்தான் சரியான இடம்.

தொடக்க வரியில் செயலியின் பதிப்பு, விண்டோஸ், பைத்தான், க்யூட்டி பதிப்புகள், இயல்பு பிரிண்டரின் பெயர், டிஸ்கில் மீதி இடம் எல்லாம் வரட்டும். பதிப்பு எண் இல்லாத லாக்கை வைத்துக்கொண்டு ட்ரேஸ்பேக்கின் வரி எண்ணை எந்த நிரலோடு ஒப்பிடுவது?

படி 6: உறைந்து நிற்பதைப் பிடிப்பது

ஃபால்ட்ஹேண்ட்லரில் டம்ப்ட்ரேஸ்பேக்லேட்டர் என்று ஒன்று இருக்கிறது: இத்தனை நொடி கழித்து எல்லா த்ரெடின் நிலையையும் எழுது என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். முதன்மை த்ரெடில் 5 நொடிக்கு ஒரு முறை அடிக்கும் க்யூடைமரை வைத்து, ஒவ்வொரு அடியிலும் "15 நொடி கழித்து எழுது" என்று இதைப் புதுப்பியுங்கள். திரை உயிரோடு இருக்கும்வரை கெடு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். உறைந்தால் டைமர் அடிக்காது, கெடு வந்துவிடும், எந்த வரியில் மாட்டிக்கொண்டது என்று கிராஷ் கோப்பில் விழும். பெரும்பாலும் முதன்மை த்ரெடிலேயே ஓடும் ஒரு நெட்வொர்க் அழைப்போ பெரிய குவெரியோ அங்கே நிற்கும்.

அதே டைமரைக் கொண்டு சில நிமிடத்துக்கு ஒரு முறை நினைவக அளவையும், ஜிடிஐ ஹேண்டில் (திரையில் வரைய விண்டோஸிடம் எடுக்கும் வளம்) எண்ணிக்கையையும் எழுதலாம். விண்டோஸில் ஒரு ப்ராசஸுக்கு இயல்பான ஜிடிஐ வரம்பு 10,000. காலையில் 400 இருந்தது மாலையில் 9,800 என்றால், தினமும் கடை மூடும் நேரத்தில் மட்டும் வரும் கிராஷுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

படி 7: எதை எழுதுவது

ஆபத்தான வேலை ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வரி, பின்னால் ஒரு வரி. பிரிண்டர், நெட்வொர்க், டேட்டாபேஸ், கோப்பு, வெளி லைப்ரரி இவைதான் ஆபத்தான இடங்கள். முடிந்த பிறகு மட்டும் எழுதினால் செத்த வேலையின் பெயரே லாக்கில் இருக்காது.

சுழல் ஒவ்வொன்றிலும் எழுதத் தேவையில்லை. அவை டிபக் அளவில் இருக்கட்டும், செட்டிங்ஸில் ஒரு டிக் போட்டால் இயங்கட்டும். டிபக் வரிகளை நினைவகத்தில் வைத்திருந்து எரர் வந்தாலோ இடம் நிறைந்தாலோ கொட்டும் மெமரி ஹேண்ட்லர் ஒன்று உண்டு. பைத்தான் எக்ஸெப்ஷனுக்கு அருமையானது. கீழ்மட்டக் கிராஷில் நினைவகத்தோடு அதுவும் போய்விடும். அதை மட்டும் நம்பாதீர்கள்.

பாஸ்வேர்டு, ஆதார் எண், கார்டு எண், வாடிக்கையாளரின் போன் எண் எதுவும் லாக்கில் வரக் கூடாது. லாக் வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும், பென்டிரைவில் போகும், எத்தனை பேர் கையில் சேரும் என்று தெரியாது. பில் எண் போதும். விவரம் வேண்டுமென்றால் கடைக்காரரே பார்த்துச் சொல்வார். ஹெல்ப் மெனுவில் "லாக் ஃபோல்டரைத் திற" என்று ஒரு பொத்தான் வையுங்கள். லோக்கல் ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், போனில் வழி சொல்லித் திறக்கவைப்பது பெரும் பாடு.

படி 8: வேண்டுமென்றே கொல்லுங்கள்

இதைச் செய்யாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஒரு ஸ்லாட்டுக்குள் (பொத்தான் அழுத்தம் போன்றவற்றுக்கு க்யூட்டி அழைக்கும் ஃபங்ஷன்) எக்ஸெப்ஷன் எழுப்புங்கள், த்ரெடுக்குள் ஒன்று, பூலுக்குள் ஒன்று. ஓஎஸ் மாட்யூலின் அபார்ட்டை அழைத்துக் கீழ்மட்டச் சாவைப் பாருங்கள். முதன்மை த்ரெடை 30 நொடி தூங்கவையுங்கள். டாஸ்க் மேனேஜரில் கொல்லுங்கள். எல்லாவற்றையும் கட்டி முடித்த இஎக்ஸ்இயில், உங்கள் டெவலப்மென்ட் கருவிகள் இல்லாத கணினியில், தமிழில் பெயரிட்ட விண்டோஸ் பயனர் கணக்கில் செய்யுங்கள். டெர்மினலில் ஓட்டிப் பார்த்தது கணக்கில் சேராது.

டாட்நெட்டில் இதே வேலைக்கு ஆப்டொமைனின் அன்ஹேண்டில்ட் எக்ஸெப்ஷன், டாஸ்க் ஷெட்யூலரின் அன்அப்சர்வ்ட் டாஸ்க் எக்ஸெப்ஷன், டபிள்யூபிஎஃப் என்றால் டிஸ்பேட்சர் அன்ஹேண்டில்ட் எக்ஸெப்ஷன் ஆகிய மூன்றையும் பிடிக்க வேண்டும். ஜாவாவில் த்ரெடின் டிஃபால்ட் அன்காட் எக்ஸெப்ஷன் ஹேண்ட்லர். கீழ்மட்டக் கிராஷுக்கு ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் தானாகவே ஒரு எரர் கோப்பை எழுதும், அது எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும் தொடக்க ஆப்ஷனில் சொல்லிவிடுங்கள்.

படி 9: லாக் கைக்கு வந்த பிறகு

இப்படி ஒரு பகுதி (சுருக்கித் தருகிறேன்) வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

18:42:07,118 | தகவல் | முதன்மை | பில் சேமிப்பு முடிந்தது
18:42:07,131 | தகவல் | முதன்மை | பிரிண்டர் திறக்கப்படுகிறது
18:43:55,602 | தகவல் | முதன்மை | செயலி தொடக்கம், முந்தைய ஓட்டத்துக்கு முடிவு வரி இல்லை

"பிரிண்டர் திறந்தது" என்ற வரி இல்லை. கிராஷ் கோப்பில் முதன்மை த்ரெடின் மேல் வரி அச்சிடும் ஃபங்ஷனில் நிற்கிறது. இப்போது அந்தக் கணினியில், விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் பகுதியில் 18:42-ஐ ஒட்டிப் பாருங்கள். எண் 1000 என்றால் கிராஷ், 1002 என்றால் உறைந்தது. 1000-க்குள் எந்த மாட்யூலில் விழுந்தது என்றும் எக்ஸெப்ஷன் கோடும் இருக்கும். சி0000005 என்று முடிந்தால் தவறான நினைவக அணுகல். சி0000409 என்றால் பெரும்பாலும் செயலியே தன்னை அபார்ட் செய்துகொண்டது; பைக்யூட்டியின் அபார்ட் இப்படித்தான் தெரியும். சி0000374 என்றால் ஹீப் (செயலி கேட்டுப் பெறும் நினைவகப் பகுதி) சிதைந்தது. அதில் மாட்யூல் பெயராக விண்டோஸின் அடிப்படை டிஎல்எல்லான என்டிடிஎல்எல் நிற்கும். குற்றவாளி அது அல்ல, சேதத்தைக் கண்டுபிடித்தது மட்டுமே அது. சேதம் அதற்கு வெகு நேரம் முன்பே நடந்திருக்கலாம்.

அப்ளிகேஷனில் எதுவும் இல்லையென்றால் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். எண் 41 அல்லது 6008 இருந்தால் கணினியே திடீரென்று அணைந்திருக்கிறது. 1074 என்றால் யாரோ, அல்லது அப்டேட், முறையாக அணைத்திருக்கிறார்கள். உங்கள் நிரலில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

மேலே உள்ள உதாரணத்தில் மாட்யூல் பெயர் பிரிண்டர் டிரைவருடையது என்றால், டிரைவரைத் திருத்த உங்களால் முடியாது. அச்சிடுவதைத் தனி ப்ராசஸாகப் பிரித்துவிடுங்கள். டிரைவர் விழுந்தால் அந்தச் சிறு ப்ராசஸ் மட்டும் சாகும், பில் திரையில் அப்படியே இருக்கும், "அச்சிட முடியவில்லை, மீண்டும் முயலவா?" என்று கேட்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் காரணம் பிடிபடவில்லையென்றால், அந்த ஒரு கணினியில் மட்டும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) விண்டோஸ் எரர் ரிப்போர்டிங்கின் கீழ் லோக்கல்டம்ப்ஸ் என்ற கீயை உருவாக்கி, அதற்குள் செயலியின் இஎக்ஸ்இ பெயரில் ஒரு துணைக் கீ போடுங்கள். அடுத்த கிராஷில் லோக்கல் ஆப்டேட்டாவின் கிராஷ்டம்ப்ஸ் ஃபோல்டரில் டம்ப் கோப்பு (அந்தத் தருணத்தின் நினைவக நகல்) வந்து விழும். இயல்பாகக் கடைசி 10 மட்டும் வைத்திருக்கும். அந்தத் துணைக் கீயில் டம்ப்டைப் என்ற மதிப்பு 1 என்றால் சிறிய கோப்பு, 2 என்றால் முழு நினைவகம். முதலில் 1 போதும், மைக்ரோசாஃப்டின் விண்டிபக் கருவியில் திறந்து எந்த டிஎல்எல்லின் எந்த ஃபங்ஷன் என்று பார்க்கலாம். 2 என்று வைத்தால் பயனரின் தரவு அத்தனையும் அதற்குள் வந்துவிடும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு எடுங்கள், வேலை முடிந்ததும் கோப்பையும் கீயையும் நீக்கிவிடுங்கள்.